பெட்ரோல் தொட்டிக்குள் ஒரு தோல் பை

மோட்டார் சைக்கிளின் பெட்ரோல் தொட்டி நிரம்பியிருக்கும் வரையில் அதனால் ஒருவருக்கும் கெடுதல் இல்லை. பெட்ரோல் செலவாகி உள்ளே இடம் கிடைத்துவிட்டால், மிச்சமிருப்பது தன் விருப்பப்படி ஓடியாடத் தொடங்கும். எங்கள் முதலாளியின் வண்டியில் இருந்த தொட்டி நீண்டு தட்டையானது. ஒரு தகரப் பெட்டியைப் போல வண்டியின் இரண்டு குழாய்க் கம்பிகளுக்கு நடுவே செருகப்பட்டிருந்தது. எஞ்சினுக்குப் பெட்ரோல் இறங்கும் குழாய் அதன் பின்கோடியில் இருந்தது. வண்டி பள்ளத்தில் இறங்கினாலோ, எதிரே மாட்டு வண்டி வந்து நான் பிரேக்கை அழுத்தினாலோ, பெட்ரோல் முழுவதும் முன்கோடிக்குப் பாய்ந்து மோதும். பின்கோடிக் குழாய் வறண்டுபோகும். எஞ்சின் விக்கி விக்கி நின்றுவிடும். இது போதாதென்று, வளைவுகளில் மூடியின் காற்றுத் துளை வழியே தெறித்து என் தொடையையும் நனைக்கும்.

இந்த அற்பக் குறையை நீக்குவதற்காக ஆம்பூரில் மூன்று அறிவாளிகள் கூடி, என் பிழைப்பைக் கெடுத்த வரலாற்றை எழுதுகிறேன். பெயர்களைக் குறிப்பிடப் போவதில்லை. அவர்களுடைய பேரர்கள் இன்று கௌரவமாக வாழ்கிறார்கள். மேலும், அப்பெயர்களை நினைவில் வைத்திருக்கத் தக்க காரணம் எதுவும் எனக்குத் தென்படவில்லை.

முதலாளியின் தோல் பதனிடும் ஷாப்பு பாலாற்றங்கரையில் இருந்தது. வெள்ளைக்காரத் துரை ஒருவர் சீமைக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போன மோட்டார் சைக்கிளை அவர் வாங்கினார். அவசியத்தால் வாங்கினார் என்று கூறுவதற்கில்லை. வாணியம்பாடியில் அவருடைய போட்டிக்காரர் ஒரு மோட்டார் கார் வாங்கியிருந்தார். வண்டி வந்து இறங்கிய பிறகுதான் அதை ஓட்டுவதற்கு ஆள் இல்லை என்பது அவர் கவனத்துக்கு வந்தது. முதலில் மானேஜர் ஏறினார். ஏறிய வேகத்தில் ஆவாரம்பட்டைக் குவியலுக்குள் போய்ப் புகுந்தார். தோலுக்கு நிறமும் வலுவும் ஏற்றுவதற்காக வாங்கி வைத்திருந்த பட்டை மானேஜரின் எலும்புகளைக் காப்பாற்றியது. அதன்பின், விழுந்து கைகால் முறிந்தாலும் தொழிலுக்கு நஷ்டம் நேராத ஓர் ஆளைத் தேடினார்கள். சுண்ணாம்புக் குழியில் நின்றுகொண்டிருந்த எனக்குச் சைக்கிள் விடத் தெரியும் என்று யாரோ சொன்னார்கள்.

சுண்ணாம்புக் குழியை அறியாதவர்களுக்காகச் சிறிது விளக்குகிறேன். பச்சைத் தோலிலிருந்து மயிர் கழல்வதற்காக அதைச் சுண்ணாம்பு நீரில் ஊறவைப்பார்கள். அந்த நீரில் முழங்கால் அளவு நின்று தோல்களைப் புரட்டிப் போடுவது எங்கள் வேலை. மாட்டின் மயிரைக் கழற்றுகிற சுண்ணாம்பு மனிதத் தோலை மட்டும் மரியாதையுடன் நடத்துமா? விரல் இடுக்குகள் வெடித்து இரத்தம் கசியும். சோற்றில் கை வைத்தால் உப்பும் புளியும் ஏறி எரியும். என் தகப்பனார் தம் கடைசிக் காலத்தில் கரண்டியால்தான் உண்டார். அதைக் கண்டு அவரைத் துரை என்று கேலி பேசியவர்களும் எங்கள் சேரியில் உண்டு.

என் புதிய வேலை இதுதான். சென்னைத் தரகர்களுக்கு அனுப்ப வேண்டிய மாதிரித் தோல் கட்டை மாலையில் பெற்றுக்கொண்டு ஜோலார்பேட்டைக்குப் போய், மெயில் வண்டியில் ஏற்றிவிட்டுத் திரும்ப வேண்டும். மெயில் எங்கள் ஊரில் நிற்காது. ஜோலார்பேட்டையில் நின்று, பிறகு நான் வந்த வழியே, எங்களைப் பொருட்படுத்தாமல் ஆம்பூரைத் தாண்டி ஓடும். எனக்கு ஒரு காக்கிக் கோட்டுக் கொடுத்தார்கள். சில மாதங்களில் என் விரல்கள் ஆறின. காகிதத்தைக் கறைபடுத்தாமல் பிடிக்கக்கூடிய கைகள் என் குடும்பத்தில் முதன்முதலாக எனக்கு வாய்த்தன. மெயில் தாமதித்து வரும் நாட்களில் பிளாட்பாரத்தில் உட்கார்ந்து, பிரயாணிகள் விட்டுச் சென்ற பத்திரிகைகளை எழுத்துக் கூட்டிப் படித்தேன். எனக்கு இருக்கும் தமிழ் அனைத்தும் அந்த இடத்தில் சேர்ந்ததுதான். ஆகவே, அந்த வேலை பறிபோவதென்றால் எனக்கு மீண்டும் இரத்தம் கசியும் விரல்கள். மீண்டும் எழுத்தற்ற வாழ்வு. நான் பயந்தது இதற்குத்தான்.

ஒரு நாள் பாலாற்றுப் பக்கத்துப் பள்ளத்தில் எஞ்சின் நின்றது. மறுபடி உயிர்ப்பித்துக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் மெயில் போய்விட்டது. மறுநாள் காலையில் முதலாளி என்னை அழைத்தார்.

“இன்னாடா, மெயிலு போய்ட்ச்சாமே?”

“பெட்ரோலு முன்னாடி ஓடிப்போய்டுதுங்க மொதலாளி. பள்ளத்துல எறங்கினா இஞ்சின் நின்னுபோவுது.”

“ஓடுதா? பெட்ரோலுக்கு இன்னா காலு மொளச்சிருக்கா?”

மானேஜர் சிரித்தார். முதலாளி எதைச் சொன்னாலும் சிரிப்பது அவருடைய உத்தியோகத்தின் பெரும்பகுதி. எஞ்சிய பகுதி என்னவென்று நான் அங்கிருந்த காலம் முழுவதும் என்னால் கண்டறிய முடியவில்லை.

“டேங்க எப்பவும் ரொப்பியே வெச்சிருந்தா ஆடாதுங்க. வாணியம்பாடியில ஒரு தகரம் பெட்ரோலு வெச்சிருந்தா, போற வழியில ஊத்திக்குவேன்” என்றேன்.

“ரொப்பி வெச்சா பெட்ரோலு ஜாஸ்தி குடிக்கும்டா. கம்மியா ஊத்தினாத்தான் கம்மியா குடிக்கும்.”

இவ்வளவு பெரிய வியாபாரத்தை நடத்துகிறவர் இதை முகமலர்ச்சியுடன் சொன்னார். மானேஜர் தலையசைத்து ஆமோதித்தார்.

“இன்னொரு தபா மெயிலு தப்பிச்சினா, கோட்ட கழட்டி வெச்சிட்டு குழிக்கு எறங்கிடு. ஒன்னால எனக்கு பேஜாரா போச்சி” என்று முதலாளி முடித்தார்.

அன்று மாலை ஜோலார்பேட்டையில் ரயில்வே பிட்டர் ஒருவரிடம் இதைச் சொல்லிப் புலம்பினேன். இந்த மனிதரைப் பற்றியும் உயர்வாகச் சொல்ல என்னிடம் அதிகம் இல்லை. ஓடுகிற ரயில்கள் யாவும் தம் அனுமதி பெற்றே ஓடுகின்றன என்பது அவர் எண்ணம். நான் கேட்டது ஒரு வாக்கியம். அவர் தம் மாமனார் வீட்டுச் சண்டையிலிருந்து தொடங்கி எஞ்சின் வரைக்கும் வந்தார்.

“இஞ்சினுக்குப் பின்னால தண்ணித் தொட்டி வருதே, அதுல தண்ணி ஆடினா இன்னா ஆவும் தெரியுமா? பிரேக்க புடிச்சா அத்தினி தண்ணியும் ஒரே பக்கம் வந்து இடிக்கும். வண்டியே குலுங்கிடும். அதுக்குத்தான் உள்ள குறுக்க குறுக்க தகடு வெச்சி, தகட்டுல ஓட்ட போட்டிருக்கான். தண்ணி போவும், ஆனா ஓடாது. உன் டேங்கு எம்மாத்தம்ப்பா? கயட்டி எடுத்தாந்து குடு. நான் வெச்சித் தரேன். அப்புறம் கூலிக்கு பிரியாணி இல்லன்னு சொல்லிடாத.”

இதை நான் மறுநாள் ஷாப்பில் தெரிவித்தேன். மானேஜர் என்னை முடிக்க விடவில்லை.

“இரும்பு வேல செய்யறவன் இரும்பத்தான் சொல்லுவான். அவனுக்கு வேற இன்னா தெரியும்?” என்றார்.

இவ்வாறு கூறிய அதே மனிதர் அன்று பிற்பகலே தோலைச் சொன்னார். வாசல் வழியாகத் தோல் துருத்தியில் தண்ணீர் சுமக்கிறவர் ஒருவர் போய்க்கொண்டிருந்தார். மானேஜர் அவரைக் கண்டதும் துள்ளி எழுந்தார்.

“பாருங்க மொதலாளி! அந்தாளு குனியறான், நிமிர்றான், ஓட்டமா ஓடறான். பையில தண்ணி ஆடுதா? ஆடல. ஏன்னு சொல்லுங்க? தண்ணி கொறைய கொறைய பையும் சுருங்கிடுது. ஆடறதுக்கு உள்ள எடமே இல்ல. தகரம் சுருங்குமா? டேங்குக்குள்ள ஒரு தோல் பைய வெச்சிட்டா?”

நியாயமாகச் சொன்னால் அந்த எண்ணம் பிழையானதன்று. மானேஜர் தம் வாழ்நாளில் கண்டறிந்த ஒரே உண்மை அதுவாக இருக்கலாம். அது அவர் கையில் அகப்பட்டதற்காக அந்த உண்மையின் மீது எனக்கு இரக்கம் உண்டாகிறது.

உடனே தோல் தரம் பிரிக்கும் மேஸ்திரியை அழைத்தார்கள். விரலால் தடவிப் பார்த்தே மாட்டின் வயதையும் ஊரையும் சொல்லிவிடுவதாகப் பெயரெடுத்தவர் அவர். சொன்னதைச் சரிபார்க்க மாடு உயிரோடு இல்லையாதலால் அந்தப் பெயர் நிலைத்திருந்தது. மூவரும் தோல் அடுக்குகளுக்கு நடுவே நின்று வாதம் செய்தார்கள்.

“கன்னுக்குட்டித் தோலு போடுங்க மொதலாளி. கெட்டியா நிக்கும்” என்றார் மேஸ்திரி.

“கெட்டியா இன்னாத்துக்குய்யா? சுருங்கணும். வெள்ளாட்டுத் தோலுதான் மெத்துனு இருக்கும்” என்றார் மானேஜர்.

“ஒடுகத்தூர் பக்கத்து ஆடா பாத்து எடு. மலையில மேயற ஆட்டுக்குத்தான் தோலு வலுவு” என்றார் முதலாளி.

“எண்ணெ நல்லா காட்டணும்” என்றார் மேஸ்திரி. “புங்க எண்ணெய ரெண்டு பக்கமும் தேச்சி, வெய்யில்ல வெச்சி, மறுபடியும் தேச்சி. எண்ணெ குடிச்ச தோலு ஒரு சொட்டு வுடாது. எழுதி வெச்சிக்கங்க.”

“எண்ணெ ஜாஸ்தியாவே காட்டு” என்றார் முதலாளி, தாராளமாக.

ஆட்டைப் பற்றிப் பேசினார்கள். தையலைப் பற்றிப் பேசினார்கள். எண்ணெயைப் பற்றிச் சலிக்கும்வரை பேசினார்கள். அந்தப் பைக்குள் இருக்கப்போவது பெட்ரோல் என்பதை ஒருவரும் பேசவில்லை. இத்தனைக்கும், முடிந்த தோலில் எண்ணெய்த் திட்டு விழுந்தால் துணியைப் பெட்ரோலில் தோய்த்து அதைத் துடைத்தெடுப்பது அதே ஷாப்பில் அன்றாட வேலை. என் வண்டிக்கு வாங்கும் தகரத்திலிருந்தே அதற்கும் ஊற்றிக் கொடுப்பார்கள். எண்ணெயை உறிஞ்சியெடுப்பது பெட்ரோலின் குணம் என்று அங்கே பெருக்குகிறவர்களுக்குக்கூடத் தெரியும். ஆயினும், தோலென்றால் உள்ளே தண்ணீர் என்று எண்ணிப் பழகிய மூளைகள், பை என்ற சொல்லைக் கேட்டதும் தண்ணீரைத் தவிர வேறொன்றை நினைக்க மறுத்துவிட்டன. எனக்கும் அது தோன்றவில்லை. ஆனால் யோசனை செய்வதற்கென்று என்னை அங்கே ஒருவரும் நியமித்திருக்கவில்லை.

பை தைக்கப்பட்டது. தகர வேலைக்காரர் தொட்டியின் அடிப்பக்கத்தை வெட்டித் திறந்து, பையின் வாயைத் தொட்டியின் மூடியோடும், அடியைப் பெட்ரோல் குழாயோடும் இறுக்கிக் கட்டி, வெட்டிய தகட்டைத் திருகாணிகளால் மூடினார். பிறகு சோதனை நடந்தது. வேலை நிறுத்தப்பட்டு எல்லோரும் முற்றத்தில் கூடினார்கள். பையில் பாதியளவு ஊற்றினார்கள். என்ன ஊற்றினார்கள் என்று கேட்பீர்களானால், தண்ணீர். மானேஜர் தம் கையாலேயே வண்டியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினார். ஒரு சத்தமும் இல்லை. ஒரு சொட்டும் ஒழுகவில்லை. முதலாளி தொட்டியின் மேல் காதை வைத்துக் கேட்டுவிட்டு, நோயாளி பிழைத்துக்கொண்டதை அறிவிக்கும் வைத்தியரைப் போல நிமிர்ந்தார். எல்லோருக்கும் மிட்டாய் வழங்கப்பட்டது. நானும் தின்றேன்.

தொடக்கத்தில் வண்டி மிகவும் நன்றாக ஓடியது என்பதை மறைக்க மாட்டேன். பள்ளத்தில் இறங்கினேன், எஞ்சின் விக்கவில்லை. வளைவில் திரும்பினேன், தொடை நனையவில்லை. மானேஜரைப் பற்றி நான் கொண்டிருந்த அபிப்பிராயம் தவறோ என்றுகூட ஐயுற்றேன். அந்த ஐயம் வெகுநாள் நீடிக்காதபடி அவரே பார்த்துக்கொண்டார்.

சீமையிலிருந்து வந்திருந்த ஒரு வியாபாரி சென்னையில் தங்கியிருந்தார். அவர் கப்பலேறுவதற்கு முன் பார்க்க வேண்டிய மாதிரித் தோல்களை என்னிடம் கொடுத்து, “இத தவற வுட்டுட்டு என் மூஞ்சில முழிக்காத” என்றார் முதலாளி. வாணியம்பாடி தாண்டும் வரை தடையில்லை. பிறகு பின்னாலிருந்து ஒரு வாசனை வந்தது. புங்க எண்ணெய் விளக்கு எரிகிற வாசனை. திரும்பிப் பார்த்தேன், நான் வந்த பாதை முழுவதும் நீலப் புகை நின்றது. எஞ்சின் கனைத்தது, தும்மியது, பிறகு ஓய்ந்தது. பெட்ரோல் எஞ்சினுக்குள் போகும் சிறு கிண்ணத்தைக் கழற்றிப் பார்த்தேன். மேஸ்திரி இரண்டு பக்கமும் தேய்த்த எண்ணெய் முழுவதும் பழுப்புக் களிம்பாக அதற்குள் வந்து சேர்ந்திருந்தது. அடித்தகட்டின் திருகாணிகளைத் தளர்த்தியபோது பெட்ரோல் மண்ணில் கொட்டியது. எண்ணெயை இழந்த தோல் காய்ந்த பனையோலையைப் போல விறைத்து, தையல் விட்டுத் திறந்து கிடந்தது.

தண்டவாளம் அவ்விடத்தில் சாலையை ஒட்டியே செல்கிறது. தோல் கட்டை முதுகில் சுமந்து வண்டியைத் தள்ளிக்கொண்டிருந்த என்னைக் கடந்து, ஜோலார்பேட்டையிலிருந்து புறப்பட்ட மெயில் சென்னையை நோக்கி ஓடியது. ஜன்னலோரம் இருந்த ஒருவர் என்னைப் பார்த்துக் கையசைத்தார். வேடிக்கைக்காக நிற்கிறேன் என்று எண்ணினார் போலும்.

மறுநாள் விசாரணை நடந்தது. “பெட்ரோல்ல கலப்படம் மொதலாளி. இவன் எங்கயோ கண்ட எடத்துல ஊத்தியிருக்கான்” என்றார் மானேஜர்.

“எண்ணெ காட்டினதுல ஒரு கொறையும் இல்ல. தச்சவன் சரியில்ல” என்றார் மேஸ்திரி.

விறைத்த பையை நான் முதலாளியின் காலடியில் வைத்தேன். “பெட்ரோலு எண்ணெய எடுத்துடுச்சிங்க. நம்ம ஆளுங்க கறை தொடைக்கறதே அதாலதானேங்க?” என்றேன்.

ஒரு கணம் மூவரும் அந்தப் பையையே பார்த்தார்கள். அந்த ஒரு கணத்தில் அவர்களுக்குப் புரிந்துவிட்டது என்று நான் இன்றும் நம்புகிறேன். புரிந்ததனால்தான் தண்டனை அவ்வளவு விரைவாக வந்தது.

“கோட்ட கழட்டு” என்றார் முதலாளி.

குழியில் என்னைப் பழைய தோழர்கள் வரவேற்றார்கள். “வழி வுடுங்கடா, தொரை எறங்கறாரு!” என்றான் ஒருவன். “இன்னா தொரை, இங்க பிரேக்கு எந்தப் பக்கம்?” என்றான் இன்னொருவன். நான் சிரித்தேன். அவர்களுடைய கேலியில் முதலாளியின் வசனங்களைவிட அறிவும் அன்பும் இருந்தன. ஆனால் அந்த வாரத்துக்குள்ளேயே என் விரல் இடுக்குகள் வெடித்தன. வீட்டில் என் மனைவி சோற்றைப் பிசைந்து உருட்டி என் வாயில் வைத்தாள். பத்திரிகைத் துண்டு ஒன்றைப் பிடித்துப் படிக்க முயன்றேன். அதன் ஓரம் சிவந்துவிட்டது. அதை மடித்து வைத்துவிட்டேன்.

இதற்கிடையில் ஷாப்பில் வேறு ஆட்களை வண்டியில் ஏற்றிப் பார்த்தார்கள். மேஸ்திரியின் மருமகன் பாலாற்று மணலில் விழுந்து பல்லை இழந்தான். மானேஜரை ஓட்டச் சொன்னபோது அவருக்குத் திடீரென்று முதுகுவலி கண்டது. மாதிரிகள் பாசஞ்சர் வண்டியில் ஊர்ந்து போய்த் தாமதமாகச் சேர்ந்தன. வாணியம்பாடிப் போட்டிக்காரர் மகிழ்ந்ததாகக் கேள்வி.

ஒரு நாள் முற்பகலில் மானேஜர் குழிக்கரைக்கு வந்தார். வெள்ளைக் காற்சட்டை, மூக்கில் கைக்குட்டை. அவர் அந்தப் பக்கம் வந்ததை நாங்கள் முன்பு கண்டதில்லை.

“ஏய், மொதலாளி கூப்பிடறாரு. வண்டி எடுக்கணுமாம்.”

“டேங்கு எப்பிடி இருக்குதுங்க?”

“பைய எடுத்தாச்சி. பழைய மாதிரியேதான் இருக்கு.”

“அப்ப பழைய மாதிரியே நின்னுபோவும். நான் மறுபடியும் இங்கதான் வரணும். அதுக்கு இங்கயே இருந்துக்கறேன்.”

“இன்னாடா, திமிரா?”

“தோலு பொரட்டற நேரமுங்க மானேஜர் ஐயா. தெறிக்கும், தள்ளி நில்லுங்க.”

என் பக்கத்தில் நின்றவன் ஒரு தோலைத் தூக்கி ஓங்கிப் போட்டான். சுண்ணாம்பு நீர் மானேஜரின் காற்சட்டையில் புள்ளி புள்ளியாகப் படிந்தது. அவர் கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுத்துத் துடைத்தார். வாசனை தாளாமல் மறுபடி மூக்குக்குக் கொண்டுபோனார். அதில் இருந்த சுண்ணாம்பால் தும்மினார். குழியில் இருந்த ஒருவரும் சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருந்ததுதான் அவரைத் துரத்தியது என்று நினைக்கிறேன்.

போகிறவரைப் பார்த்து, “டேங்கு ஜோலார்பேட்டைக்குப் போயி தகடு வெச்சிக்கினு வரட்டும். அன்னிக்கி நான் குழிய வுட்டு எழுந்து வர்றேன்” என்றேன். வேறு எவனாவது ஒருவன் ஓட்டக் கற்றுக்கொண்டால் என் நிபந்தனையின் கதி என்னவென்று எனக்குத் தெரியாமலில்லை.

மறுநாள் மானேஜர் அந்தத் தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு பாசஞ்சர் வண்டியில் ஜோலார்பேட்டைக்குப் பிரயாணம் செய்தார். பெட்ரோல் நாற்றத்தால் அவருக்கு அருகே ஒருவரும் உட்காரவில்லையாம். பிட்டர் அவரைப் பட்டறை வாசலில் நிற்க வைத்து, தம் மாமனார் வீட்டுச் சண்டையை முதலிலிருந்து சொன்னாராம். அடிப்பக்கம் ஏற்கெனவே வெட்டப்பட்டிருந்ததால், ஓட்டையிட்ட தகடுகளைக் குறுக்கே வைத்துப் பற்றவைப்பது எளிதாயிற்று. மானேஜரின் ஆராய்ச்சியால் உலகத்துக்கு விளைந்த ஒரே நன்மை இது. அந்த மோட்டார் சைக்கிளையே தாம்தான் செய்ததாகப் பிட்டர் பிற்காலத்தில் சொல்லித் திரிந்தார். அதை மறுப்பதற்கு நான் சிரமப்படவில்லை.

தொட்டி வந்த அன்று மாலை எனக்குக் கோட்டுத் திரும்பக் கிடைத்தது. பள்ளங்களில் எஞ்சின் நிற்கவில்லை. தகடுகளின் ஓட்டைகள் வழியே பெட்ரோல் பொறுமையாகக் கசிந்து முன்னும் பின்னும் போயிற்று. பாய்வதற்கு அதற்கு வழி இல்லை. மெயில் வருவதற்கு வெகுநேரம் முன்பே நான் பிளாட்பாரத்தில் இருந்தேன்.

மறுநாள் முதலாளி முற்றத்துக்கு வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தார். தொட்டியைத் தட்டினார். மானேஜரும் தட்டினார்.

“இது செரி. ஆனா அந்தப் பையி இருக்குதே, அதுல ஒரு தப்பும் இல்லடா” என்றார் முதலாளி. “பெட்ரோலுதான் மட்டமான சரக்கு. நல்ல பெட்ரோலா இருந்தா, நம்ம தோலு தாங்கியிருக்கும்.”

“நம்ம தோலு தாங்காத ஒண்ணு உலகத்துல இருக்குதுங்களா?” என்றார் மானேஜர்.

இருவரும் என் முகத்தைப் பார்த்தார்கள். என்ன சொல்வேன் என்று எதிர்பார்த்தார்கள். வெடிப்புகள் இன்னும் மூடாத என் விரல்கள் ஹாண்டில் கம்பியைப் பிடித்திருந்தன. பிட்டர் சொன்னது, கிண்ணத்தில் திரண்ட களிம்பு, மண்ணில் கொட்டிய பெட்ரோல் எல்லாம் நாவின் நுனி வரை வந்து நின்றன.

“ஆமாங்க மொதலாளி” என்றேன்.

தோல் கட்டை முதுகில் மாட்டிக்கொண்டு வண்டியை உதைத்துக் கிளப்பினேன். அந்தச் சத்தத்தில் அவர்கள் மேற்கொண்டு பேசியது எதுவும் என் காதில் விழவில்லை.